பின்னூட்டம் வாங்குவது எப்படி?

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்ற சேதி காதில் விழுந்ததும் ஒரு கல்வியியல் கல்லூரியில் இரண்டு வேலைகள் தொடங்கும். ஒன்று சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, இன்னொன்று மாணவர்களிடம் பின்னூட்டம் வாங்குவது. பெயிண்டுக்கு விழுப்புரத்திலும் ஆள் உண்டு, திண்டிவனத்திலும் ஆள் உண்டு. பின்னூட்டத்துக்குத்தான் வழிகாட்டி இல்லாமல் தவிக்கிறீர்கள். பதறாதீர்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கல்லூரியில் (பெயர் எதற்கு?) பல வருடம் பின்னூட்டக் குழுவை நடத்தியவன் சொல்கிறேன். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

1. நேரம் பார்த்துக் கேளுங்கள். வருடத் தொடக்கத்தில் கேட்டால் குறை சொல்வார்கள், அதைச் சரிசெய்ய நேரமும் மிச்சம் இருக்கும். அந்த வம்பு வேண்டாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பார்களே, அப்போது கொடுங்கள். கையெழுத்துப் போடும் மேடமே படிவத்தையும் வாங்கி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ரெக்கார்டைத் திறக்கட்டும்.

2. ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். அதற்குக் கீழே பதிவு எண்ணுக்குக் கட்டம் போடுங்கள்.

3. கல்லூரிப் பக்கமே வராத மாணவர்களை விட்டுவிடாதீர்கள். பாடம் நடத்துவதைப் பார்த்தே இராதவரைப் போல் பாரபட்சமில்லாதவர் யார்? அவர்கள் படிவங்களை அலுவலக உதவியாளர் ஒரே சாயங்காலத்தில் நிரப்பிவிடுவார். ஒரு டீ, இரண்டு மசால்வடை, நான்கு பேனா போதும். பத்துப் படிவத்துக்கு ஒருமுறை பேனாவை மாற்றச் சொல்லுங்கள். ஐந்தாறை இடது கையால் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’ என்றிருந்தால் கண் பட்டுவிடும். அங்கங்கே ஒரு ‘நன்று’ வைக்கச் சொல்லுங்கள், திருஷ்டிப் பொட்டு மாதிரி.

4. கேள்விகளைப் பொறுக்கி எடுங்கள். குடிநீர், நூலகம், மின்விசிறி, வாகன நிறுத்தம் எல்லாம் பத்திரமான கேள்விகள். ‘பள்ளிப் பயிற்சியின்போது எங்கள் ஆசிரியர் உங்கள் வகுப்பை எத்தனை முறை வந்து பார்த்தார்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2015-16இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் 20 வாரம் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். பதினாறு வாரத்தில் ஒரு தடவை என்ற பதில் வந்தால் பை சார்ட்டில் அதற்கு என்ன நிறம் கொடுப்பீர்கள்?

5. கடைசிக் கேள்வியிடம் ஜாக்கிரதை. நாக் நடத்தும் மாணவர் திருப்தி ஆய்வில் 20 கேள்விகள் கட்டத்தில் டிக் அடிப்பவை. 21ஆவது கேள்வி மூன்று யோசனை சொல்லுங்கள் என்று கேட்கிறது. அதைப் பார்த்து நாமும் ‘பிற கருத்துகள்’ என்று நான்கு கோடு போட்டுத் தொலைக்கிறோம். எப்போதும் யாரும் அதில் எழுதுவதில்லை. ஒரு வருடம் ஒருத்தி எழுதிவிட்டாள்.

செஞ்சிப் பக்கத்துப் பெண். அவளுக்குக் கிடைத்த பயிற்சிப் பள்ளி மரக்காணம் பக்கம். விடிகிற நேரத்தில் கிளம்பி, திண்டிவனத்தில் பஸ் மாறி, சுருட்டிய சார்ட்டுகளை யார் முதுகிலும் இடிக்காமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மகளிர் விடியல் பயணம் என்ற இலவசம் டவுன் பஸ்ஸுக்குத்தான், இந்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பள்ளியில் ‘பி.எட். டீச்சர் வந்தாச்சு’ என்று விடைத்தாள் கட்டு, எமிஸ் இணையதளப் பதிவு, லீவு போட்டவரின் வகுப்பு எல்லாம் அவள் தலையில். பஸ் முதல் எல்லாவற்றையும் அவள் ஒரு வரியில் தொட்டதோடு சரி, எழுதியது அதைப் பற்றியல்ல. எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வரவில்லை. ஹெர்பார்ட்டிய ஐந்து படிகளில் பாடக்குறிப்பு எழுதத் தனக்குத் தெரியும், ஆனால் அந்தப் பையனுக்கு என்ன செய்வது என்று இரண்டு வருடத்தில் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். இவ்வளவுதான். நான்கு கோடு போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தாள்.

இப்படி ஒன்று வந்தால் கிழித்துப் போடாதீர்கள், அது அநாகரிகம். வகைப்படுத்துங்கள். அதில் பஸ் என்ற சொல் இருக்கிறதா? ‘போக்குவரத்து வசதி’யில் சேருங்கள். ஐம்பது பேரில் ஒருத்தி என்றால் 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தைச் சார்ட்டில் மெல்லிய மஞ்சளில் போடுங்கள். ஜெராக்ஸில் விழாது.

6. உங்கள் பாடத்திட்டத்தையே கொஞ்சம் ஒளித்துவையுங்கள். நுண்நிலைக் கற்பித்தல் என்று ஒன்று நடத்துகிறோமே, 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. நம் நாட்டுக் கணக்கில் 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், 6 நிமிடம் மறுபடி பாடம், 6 நிமிடம் மறுபடி பின்னூட்டம். ஆக 36. இதைப் பரீட்சைக்கு எழுதவைத்து மார்க்கும் போடுகிறோம். யாராவது ஒரு மாணவன் இதே கணக்கைக் கல்லூரிக்குப் போட்டுப் பார்த்தால்? இரண்டு வருடப் பாடத்துக்கு இரண்டு வருடம் பின்னூட்டம், நான்கு வருடம் மறுதிட்டம் என்று போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகும். குறிஞ்சியே பூத்துவிடும்.

7. நடவடிக்கை அறிக்கை எழுதுங்கள். நாக் ஐந்து படி வைத்திருக்கிறது. அடிப்படி, பின்னூட்டம் வாங்கவே இல்லை. அதற்கு மேல் வாங்கியது, வாங்கி அலசியது, அலசி நடவடிக்கையும் எடுத்தது. உச்சிப்படி, அத்தனையும் செய்து இணையதளத்திலும் போட்டது. நீங்கள் உச்சியில் நில்லுங்கள். ஒரு வாட்டர் கேன் வாங்குங்கள். பிரின்சிபால் அதன்மேல் கைவைத்து நிற்கிற மாதிரி போட்டோ எடுங்கள். தேதியை மட்டும் சரிபாருங்கள். ஒருமுறை நாங்கள் பின்னூட்டம் வாங்குவதற்கு மூன்று வாரம் முன்பே நடவடிக்கை எடுத்துவிட்டதாக எழுதிவிட்டோம். படிவம் நிரப்பிய உதவியாளர்தான் கண்டுபிடித்துச் சிரித்தார்.

நடுவில் மனம் தளர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை காசுக்குப் பட்டம் விற்கின்றன என்று 2012இல் நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் கண்டதாக 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அதுவும் பின்னூட்டம்தானே? நாம் கலங்கினோமா?

8. முன்னாள் மாணவர் பின்னூட்டம் தனி. தேடிப் போக வேண்டாம். சான்றிதழ் வாங்க அவர்களே வருவார்கள், நோ டியூ படிவத்தோடு பின் அடித்துக் கொடுங்கள். செஞ்சிப் பெண்ணும் வருவாள். பேனாவை வாங்கிக்கொண்டு, “மேடம், போன தடவை பின்பக்கத்துல எழுதியிருந்தேனே, படிச்சீங்களா?” என்று கேட்பாள். தயங்காமல் சொல்லுங்கள்:

“படிச்சோம்மா. போக்குவரத்துல சேர்த்திருக்கோம்.”