மரை கழன்ற கேள்விகள்

கே: கிட்டாரில் சுருதியை ஆட்டும் ட்ரெமலோ பார் விட்ட இடத்தில் நிற்காமல் தொங்கிவிடுகிறது. பாட்டின் நடுவே அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறுக்கினாலோ நகரவே மாட்டேன் என்கிறது.
– ஆட்டிக் களைத்தவர், கோவை

ப: உங்களுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை என்று வைத்துக்கொள்கிறேன். பாரைக் கழற்றிவிட்டு, அது நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெருத்த ஒரு குட்டி ஸ்ப்ரிங் இருக்க வேண்டும். அது பாரின் நுனியைக் கீழேயிருந்து முட்டிக்கொண்டே இருப்பதால்தான் மரையும் மரையும் இறுகப் பிடிக்கின்றன, பாரும் சொன்ன இடத்தில் நிற்கிறது. ஸ்ப்ரிங் இல்லையென்றால், என்றைக்கோ பாரைக் கழற்றிவிட்டுக் கிட்டாரைக் கவிழ்த்திருக்கிறீர்கள். சத்தமில்லாமல் விழுந்து, மறுநாள் குப்பையோடு போயிருக்கும்.

புதிது கிடைக்கும் வரை, குழாய் ரிப்பேருக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் போதும். மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்கும்படி பாரைப் பிடித்து, வலச்சுற்றாக இரண்டு சுற்று. திசை மாறினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பிரியமாக ஆறேழு சுற்று சுற்றினீர்களானால், அடுத்த முறை பாரைக் கழற்றக் குறடு தேடுவீர்கள். சில கிட்டார்களில் பாருக்கு மரையே கிடையாது, அமுக்கினால் உட்காரும் வகை. அதில் இந்த ஸ்ப்ரிங்கைத் தேடி டார்ச் பேட்டரியைத் தீர்க்காதீர்கள்.

கே: என் மகன் கிட்டாரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறான். உடைந்துவிடாதா?
– ஒரு தாய், மதுரை

ப: ஆட்டுவதற்கென்றே செய்ததுதான் அம்மா அந்த ட்ரெமலோ பார். 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதைப் பொருத்திய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எதைச் செய்தாலும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாட்டும்படி செய்வார். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்து, நடுவே குண்டு விழும் ஓசையைக் கொண்டுவந்தபோது இந்தக் கம்பியை என்ன பாடு படுத்தினார் தெரியுமா? உங்கள் பிள்ளை எவ்வளவோ தேவலை.

தம்பி அதைக் கெடுக்கப்போவது வாசிக்கும்போது அல்ல, பாரோடு கிட்டாரைப் பைக்குள் திணித்து பஸ்ஸில் ஏறும்போது. ஒரே நெரிசலில் பார் வளையும், துளையின் வாயில் மரை நசுங்கும். வாசித்து முடித்ததும் கழற்றிப் பையின் பக்க ஜிப்பில் போடச் சொல்லுங்கள். கழற்றிய பின் கிட்டாரைக் கவிழ்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காரணம், கோவைக்காரருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கே: புதிதாக வாங்கிய பார் மூன்று சுற்று போய் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துப் பார்க்கட்டுமா?
– பலசாலி, சேலம்

ப: கையை எடுங்கள்! அமெரிக்காவில் செய்த ஃபெண்டர்களில் 10-32 என்ற மரை. விட்டம் 4.83 மி.மீ., அங்குலத்துக்கு 32 சுற்று. ஆசியாவில் செய்தவை பலவற்றில் 5 அல்லது 6 மி.மீ. மெட்ரிக் மரை. 6 மி.மீ. பார் நேர்மையானது. சின்னத் துளையில் நுழையவே நுழையாது, வழக்கு அங்கேயே முடிந்தது. வில்லன் 5 மி.மீ.தான். அதில் மரைக்கு மரை இடைவெளி 0.8 மி.மீ., 10-32-இல் 0.79. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே தப்பான பாரும் முதல் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும். அப்புறம் இறுகும்போது, நம்மவர்கள் 'புதுசு, அதான் டைட்டா இருக்கு' என்று குறடை எடுப்பார்கள். துளையின் மரை போனால் பாரை அல்ல, தந்திகள் உட்காரும் பிரிட்ஜுக்கு அடியில், உள்ளேயிருக்கும் இரும்புக் கட்டியையே மாற்ற வேண்டும். சரியான பார் என்றால் இரண்டு விரலாலேயே கடைசி வரை போகும். கடைக்குப் பழைய பாரை எடுத்துப் போங்கள். 'ஸ்ட்ராட் பார் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் கையில் எட்டியதைத்தான் கொடுப்பார்கள்.

கே: கச்சேரி நடுவில் பார் ஒடிந்து, மரைத் துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.
– பாதி பார் மட்டும் உள்ளவர், திருச்சி

ப: மரை தொடங்கும் இடத்தில்தானே ஒடிந்தது? பந்தயமே கட்டுவேன். ஒல்லியான இடம் அது, வளைக்கும் விசை மொத்தமும் அங்கேதான் விழுகிறது. தளர்ந்த பார் துளைக்குள் மாதக்கணக்கில் இப்படியும் அப்படியும் அடித்து விரிசல் விட்டிருக்கும். மேடையில் விழுந்தது கடைசி அடி மட்டுமே.

துண்டின் தலை வெளியே தெரிந்தால் மெல்லிய மூக்குக் குறடு போதும். தெரியாவிட்டால் தந்திகளைக் கழற்றுங்கள், பின்பக்க ஸ்ப்ரிங்குகளை விடுவியுங்கள், பிரிட்ஜ் தகட்டையும் கட்டியையும் சேர்க்கும் மூன்று ஸ்க்ரூக்களை எடுங்கள். கட்டி தனியாக வரும். அதைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் இடச்சுற்று டிரில் பிட் இருக்கிறதா என்று கேளுங்கள். அது குடையும் திசைதான் துண்டு கழலும் திசை. ஆகவே பல சமயம் குடையும்போதே துண்டு தானாகச் சுழன்று மேலே வந்துவிடும். முழுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதை எந்தப் பக்கமாக வைஸில் கடிக்க வைக்கலாம் என்றுதான் பட்டறைக்காரர் முதலில் யோசிப்பார்.

கே: துருப் பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– சிக்கனம், நாகர்கோவில்

ப: தலைக்குத் தடவுங்கள். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் தூசியைப் பிடித்து வைக்கும். தையல் மெஷின் எண்ணெயைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு, பிரிட்ஜ் ஊசலாடும் ஸ்க்ரூக்களின் கழுத்தில் ஒரு பொட்டு வையுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: உள்ளங்கை வியர்வை முதலில் தின்பது, பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொடி ஸ்க்ரூக்களை. வாசித்ததும் துணியால் துடைத்தால் ஆலன் கீ அவற்றில் வழுக்காது.

கே: பாரை அமுக்கிவிட்டால் சுருதி திரும்புவதில்லை. டியூனர்களை மாற்றச் சொல்கிறார் நண்பர்.
– சுருதிபேதம், சென்னை

ப: நண்பர் டியூனர் விற்கிறாரா? முதலில் பாரை அமுக்கி விட்டு, எந்தப் பக்கம் விலகுகிறது என்று கேளுங்கள். சுருதி ஏறி நின்றால் தந்தி, தலைப்பக்கம் அது உட்காரும் நட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். தளர்ந்தபோது தலைப்பக்கம் நழுவிய தந்தி, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. டியூன் செய்யும்போது 'டிக்' என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். தந்தியைத் தூக்கிவிட்டு, 2பி பென்சிலைப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். கிராஃபைட்டைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

அதிலும் சரியாகவில்லை என்றால் பிரிட்ஜின் முன்வரிசை ஆறு ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஆறையும் யாராவது புண்ணியவான் தரையோடு இறுக்கியிருப்பார். அவை பிரிட்ஜைப் பூட்டுவதற்கு அல்ல, அது சாய்ந்து நிமிர்வதற்கான அச்சு. தகட்டுக்கும் ஸ்க்ரூத் தலைக்கும் நடுவே மயிரிழை இடம் வேண்டும்.

கே: என்னுடையது தந்தியைப் பூட்டிவைக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ். பூட்டிய தந்தியும் நழுவுகிறதே?
– பூட்டு போட்டவர், ஈரோடு

ப: சாடிலுக்குள் தந்தியை நெரிக்கும் சின்னச் சதுரக் கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். தந்தி கடித்த பள்ளம் ஆழமாக விழுந்திருந்தால் அதை மாற்றுங்கள். 3 மி.மீ. ஆலன் கீயில் பலப்பரீட்சை செய்வதால்தான் அந்தப் பள்ளமே விழுகிறது. ஸ்க்ரூவை ரொம்பத் தளர்த்தினால் கட்டி கீழே குதித்துவிடும், ஆகவே பாயை விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

கே: தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் குறையவில்லை.
– இரைச்சல், வேலூர்

ப: பின்மூடியைத் திறங்கள். ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டில் பற்றவைத்த ஒயர் விட்டிருக்கும். மறுபடி பற்றவையுங்கள்.

கே: இவ்வளவு தொல்லைக்கு பாரைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன?
– விரக்தி, தஞ்சாவூர்

ப: கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். பின்குழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி, பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிட்டார். அவர் வாசிப்பில் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. நீங்களும் கட்டையைச் செருகுங்கள், பாரை மட்டும் எறியாதீர்கள். கிட்டாரை விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் 'பார் எங்கே?' என்பார், அடுத்த நொடி விலையைக் குறைப்பார்.

கே: பாரின் முனையில் இருந்த வெள்ளை மூடி தொலைந்துவிட்டது. பேனா மூடி போடலாமா?
– எழுத்தாளர், புதுச்சேரி

ப: போடலாம், ஒலி மாறாது. வேகமாக ஆட்டும்போது மூடி முன்வரிசைக்குப் பறக்கும். அங்கே உட்காருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.