நிசங்கமல்லனும் நானும்

கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மார்கழியில் காலி வீதியில் வேர்வை கொஞ்சம் சோம்பல் பட்டு, ஏழு மணிக்குப் பதில் எட்டரைக்கு வரத் தொடங்கும்; அவ்வளவுதான். ஆனாலும் பம்பலப்பிட்டித் தமிழ் வீடுகளில் அலுமாரியைத் திறந்தால், மேல்தட்டில் ஒரு சுவெற்றர் பூச்சி உருண்டை வாசத்தோடு படுத்திருக்கும். பாடசாலை விடுமுறை வந்ததும் அது எழும்பி நுவரெலியாவைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்ளும்.

இந்த மார்கழியில் எங்கள் பயணத்துக்கு ஒரு விசேஷக் காரணமும் இருந்தது. மனைவியின் தம்பி ரொறொன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். வாசலில் பனி தள்ளித் தள்ளி முதுகு விட்டுப்போய், கொஞ்ச நாள் வெயிலில் கிடப்போம் என்று விமானம் ஏறிய மனிதர். அவரை இந்த நாட்டில் குளிர் கிடைக்கிற இடமாகத் தேடிக் கொண்டுபோய், ‘பார், எப்படிக் குளிருது!’ என்று காட்டுவதென்று நாங்கள் தீர்மானித்தோம். விருந்தாளிக்கு வீட்டில் அருமையாக உள்ளதைத்தானே கொடுக்க வேண்டும்.

திட்டம் முழுக்க என்னுடையது. அனுராதபுரம், பொலன்னறுவை, மாத்தளை, கண்டி, நுவரெலியா, ஹோட்டன் சமவெளி: சரித்திரத்தில் தொடங்கிப் பூகோளத்தில் முடிகிற மாதிரி. கணக்கெழுதிப் பிழைக்கிறவன் ஆதலால் செலவுக்கென்று ஒரு தனிக் கொப்பி. உள்நோக்கம் ஒன்றும் இருந்தது. வீட்டில் நான் சரித்திரம் பேசத் தொடங்கினால் ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். வானுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டால் எங்கே போவார்கள்? காதுக்குள் போய்விட்டார்கள். வெள்ளவத்தை தாண்டாத பிள்ளைகளும் கனடாப் பிள்ளைகளும் ஏறியவுடனே காதில் செருகிக்கொண்டார்கள். கேட்க மிஞ்சியது சாரதித் தம்பியும் மாமியும். மாமிக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அவர் இடது காது என் பக்கமாக இருக்கும்படிதான் உட்கார்ந்திருந்தார் என்பதைக் குருநாகல் தாண்டிய பிறகே கவனித்தேன்.

அனுராதபுரத்தில் ஊருக்குத் தெற்கே தக்கிண தூபி என்றொரு பெரிய செங்கல் மேடு இருக்கிறது. நெடுங்காலமாகச் சனங்கள் அதை எல்லாளன் சமாதி என்றே சொல்லிவந்தார்கள். நாற்பத்து நான்கு ஆண்டு ஆண்ட எல்லாளனைத் தனிச்சமரில் வீழ்த்திய துட்டகைமுனு, எதிரிக்கு நினைவிடம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். பின்வந்த அரசர்களும் அந்த இடத்தைத் தாண்டும்போது வாத்தியத்தை நிறுத்தினார்கள் என்கிறது மகாவம்சம். 1818இல் வெள்ளையருக்கு எதிரான கிளர்ச்சி தோற்று, உயிர் தப்ப ஓடிக்கொண்டிருந்த பிலிமத்தலாவ என்ற பிரதானி கூட, களைத்த உடம்போடு பல்லக்கை விட்டு இறங்கி, அந்த இடம் கழிந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை நடந்தே போனாராம். பிறகு 20ஆம் நூற்றாண்டில் தொல்பொருள் ஆணையாளர் பரணவிதான, இது எல்லாளன் சமாதி அல்ல என்று எழுதினார்.

இவ்வளவையும் சொல்லி முடித்து, “ஆனபடியால் எல்லாரும் இறங்கி நடவுங்கோ” என்றேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மகன் ஒரு காதை மட்டும் விடுவித்தான்.

“அப்பா, சமாதி இல்லையெண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள். பிறகேன் இறங்குவான்?”

ஆராய்ச்சியாளர்கள் குடும்பஸ்தரின் கஷ்டத்தை நினைத்துப் பார்த்து எழுதுவதில்லை. ஆனால் சாரதித் தம்பி அந்த இடத்தில் சட்டென்று பாட்டை நிறுத்தினார். ஈராயிரம் ஆண்டு கழித்தும் மரபு தெரிந்த ஒரு மனிதன் இருக்கிறான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் கைபேசியில் அழைப்பு வந்திருந்தது.

பொலன்னறுவையில் மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது. மார்கழி அந்தப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். மின்னேரியாவில் யானைக் கூட்டம் பார்க்கலாமா என்று கனடாப் பிள்ளைகள் கேட்டார்கள். குளம் வற்றுகிற ஆடி, ஆவணியில்தான் அவை திரளும் என்றேன். “அப்ப நாங்கள் ஏன் இப்ப வந்தனாங்கள்?” என்ற கேள்விக்கு விடுமுறை அட்டவணையைத்தான் பதிலாகக் காட்ட முடிந்தது.

சீட்டுக் கொடுக்கிற இடத்தில் உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டாருக்கு டொலர்க் கணக்கில் ஒரு கட்டணம். மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், என்னைவிடக் கறுப்பு, ஒன்றும் பேசாமல் நின்றால் போதும் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலையில் இருந்த தொப்பியில் மேப்பிள் இலை சிவப்பாகப் பேசியது. கொப்பியில் அந்தத் தொகையை எழுதும்போது எனக்குத்தான் கை நடுங்கியது. தம்பியோ, “அங்க பார்க்கிங்குக்கே இவ்வளவு குடுப்பம் அத்தான்” என்றார்.

தலதா மளுவாவில் ‘கல் பொத்த’ கிடக்கிறது. கல்லாலான புத்தகம். ஏறக்குறைய 27 அடி நீளம், 25 தொன் பாரம். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தன் புகழைத் தானே எழுதி வெட்டுவித்தது. வரியைத் தள்ளுபடி செய்தேன், கடல் தாண்டிப் படை நடத்தினேன், ஆண்டுதோறும் தராசில் ஏறித் தானம் கொடுத்தேன் என்று அந்த மனிதன் ஒன்பது ஆண்டு ஆட்சிக்குள் நாடு முழுக்கக் கல்வெட்டாக நட்டுவைத்திருக்கிறான். தூணைக் கண்டால் எழுத்து, படியைக் கண்டால் எழுத்து. வீட்டில் ஒருவரும் காது கொடுக்காதபடியால்தான் கல்லில் வெட்டினானோ என்று எனக்கு அவன்மேல் ஓர் ஒட்டுதல் உண்டு. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

“இந்தக் கல்லை மிகிந்தலையிலயிருந்து கொண்டு வந்தவையாம். கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர்” என்றேன்.

“தூக்கிக்கொண்டு வந்த ஆக்களின்ர பேர் இதில இருக்கோ?” என்று மனைவி கேட்டாள்.

இருக்கிறது, ஒருவிதமாக. ‘நிசங்கனின் பலசாலிகள் கொண்டுவந்தது’ என்று அந்தக் கல்லிலேயே ஒரு குறிப்பு உண்டு. அதைச் சொன்னேன். அவள் இடது தோளில் சாப்பாட்டுப் பை, வலது தோளில் மாமியின் மருந்துப் பை, கையில் பிளாஸ்கோடு ஒரு நிமிஷம் கல்லைப் பார்த்தாள். “பலசாலிகள். நல்ல பேர்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அதே வளவில் வேளைக்காரர் கல்வெட்டு நிமிர்ந்து நிற்கிறது. தமிழ்ப் படையினரான வேளைக்காரர், புத்தரின் தந்தம் வைத்த கோயிலைக் காப்போம் என்று உறுதி கூறித் தமிழில் வெட்டிய கல். இலங்கைச் சரித்திரத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பேசுகிறவர்களை இழுத்துவந்து முன்னால் நிறுத்த வேண்டிய கல். நான் தொண்டையைச் செருமி, பிள்ளைகளைச் சூழ நிறுத்தி, வாசிக்கத் தொடங்கினேன். கிரந்தமும் பழைய தமிழும் கலந்த எழுத்து. ஒரு ‘க’ பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்தது ‘ன’வா ‘ள’வா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கனடா மருமகள் மெதுவாகக் கேட்டாள்: “மாமா, உங்களுக்கும் தமிழ் வாசிக்க ஏலாதா?” அந்தப் பிள்ளைக்கு அன்று என்மேல் ஏற்பட்ட பாசம் இன்றுவரை குறையவில்லை.

வானவன் மாதேவி ஈச்சரம் தமிழர் வீட்டுப் பயணங்களில் தவறாத இடம். 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக்கொண்டு போன சோழர், 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை விரட்டும்வரை இங்கே இருந்தார்கள். இராசராசனின் தேவி பெயரில் எழுந்த இந்தச் சின்னக் கற்கோயில் அடியிலிருந்து விமானம்வரை கல்லாகவே இருப்பதால் இன்னும் நிற்கிறது. மாமி சரித்திரம் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்தார். ஈரக் காற்றில் குச்சி அணைந்து அணைந்து போக, தம்பி தன் தொப்பியால் மறைத்துப் பிடிக்க, மேப்பிள் இலைக்குப் பின்னால் கற்பூரம் பற்றியது. கும்பிட்டு எழும்பி, “கோயில் நல்ல கோயில். ஒரு ஐயரைப் போட்டால் சரி” என்றார்.

பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலங்கள் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருப்பதை நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். “வீட்டிலயிருந்து ஓட்டோவில போய்ப் பாக்கலாமே அப்பா!” என்று மகள் சொன்னதை எல்லாரும் இரண்டு காதாலும் கேட்டார்கள், மாமி உட்பட.

தம்புள்ளை கழிந்து மாத்தளைக்குப் போகிற வீதியில் வானுக்குள் ஒரே முறைப்பாடு. ஏசி போதாது, கால் நீட்ட இடம் போதாது, சார்ஜ் போதாது. தலைமன்னாரில் வள்ளத்தால் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்த ஊர் இந்த மாத்தளை. கோப்பித் தோட்டங்களுக்காக வந்தவர்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகத்தார் தங்கள் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே பாதையை நடந்தார்கள். அந்த முன்னோர்களில் விழுந்த இடத்தில் பெயர் பொறித்த கல் யாருக்கும் இல்லை. முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வானை நிறுத்தினேன். அந்த நடந்து வந்தவர்களின் கதையைச் சொன்னபோது, ஏன் என்று தெரியவில்லை, பிள்ளைகள் காதில் இருந்ததைக் கழற்றினார்கள். நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் சுருக்கமாகவே சொல்லி முடித்துவிட்டேன்.

கண்டியில் மனைவியும் தம்பி பெண்சாதியும் தலதா மாளிகையைக் கும்பிட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நான் மிச்சப் பேரைப் பக்கத்திலுள்ள பிரித்தானியரின் பழைய படைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனேன். தம்பி வாசலில் நின்றார். “அத்தான், வெயில் காயலாம் எண்டு வந்தனான். சேமக்காலைக்கா கொண்டுவந்தனீங்கள்?”

ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரே சரித்திர இடம் அதுதான். ஒருவர் காய்ச்சலில், ஒருவர் வெயில் பட்டு, ரொபேட்சன் என்பவர் காட்டு யானை அடித்து. 1815 கண்டி உடன்படிக்கையை வரைந்த ஜோன் டொயிலியும் அங்கேதான், 1824இல் காய்ச்சலில் போனவர். அவர் காலத்தில் பிடிபட்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன், கண்ணுசாமி என்ற நாயக்கர், வேலூரில் காவலில் இருந்துகொண்டே 1832 வரை உயிரோடிருந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. “அப்ப ஆர் வெண்டது?” என்று மருமகள் கேட்டாள். நுளம்பு என்றேன். அது கையோடு வந்து கடித்தும் காட்டியது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். றம்பொடை வளைவுகளில் என் வயிறு நடத்திய கிளர்ச்சியையும், மாமி நீட்டிய தேசிக்காயையும் பற்றி விரிவாக எழுத மாட்டேன். போய் இறங்கியதும் நான் சுவெற்றர்மேல் சுவெற்றர், காதை மூடிய தொப்பி, காலுக்கு இரட்டை மேசு என்று சகல ஆயுதங்களும் தரித்தேன். தம்பி கட்டைக் காற்சட்டையோடு கிரகரி வாவிக் கரையில் ஐஸ்கிறீம் குடித்தார். “இது எங்கட ஊரில பங்குனி வெயில் அத்தான்” என்று சிரித்தார். எங்கள் நாட்டுக் குளிரை ஒரு மனிதர் இப்படி முகத்துக்கு நேரே அவமதித்தது எனக்குத் தாங்கவில்லை.

இராத்திரி பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தம்பி நின்றார், படுக்கை விரிப்பால் போர்த்துக்கொண்டு. “அத்தான், ஹீற்றர் எங்க போடுறது?” இல்லை என்றேன். “அப்ப வீட்டுக்குள்ள எப்பிடி இருப்பீங்கள்?” அங்கே குளிர் வெளியே நிற்கும், உள்ளே பெனியனோடு திரிவார்களாம். இங்கே குளிருக்குக் கதவு சன்னல் எல்லாம் பொது. என் இரண்டாவது சுவெற்றரைக் கழற்றிக் கொடுத்தபோது நான் அடைந்த ஆனந்தத்தை நிசங்கமல்லன் எந்தத் தராசில் ஏறியும் அடைந்திருக்க மாட்டான்.

மறுநாள் விடிய முன்னம் ஹோட்டன் சமவெளி. வாசலில் பையெல்லாம் சோதித்தார்கள். அது தேசிய பூங்கா. பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. அங்கே திரிகிற மரைகள் தின்றுவிடும் என்பதால் அது மிகச் சரியான சட்டம்தான். ஆனால் அம்பது இடியப்பமும் கட்டுச் சம்பலும் லஞ்ச் சீற்றில் சுற்றியிருந்தன. பிஸ்கட் உறை கழன்றது, தண்ணீர்ப் போத்தலின் பெயர்த்தாள் கழன்றது, கடைசியில் இடியப்பம் தன் உடை முழுதும் இழந்து நின்றது. அன்றைய பத்திரிகை கைகொடுத்தது. தலைப்புச் செய்தி இடியப்பத்தின் முதுகில் தெளிவாகவே விழுந்திருந்தது. வேளைக்காரர் கல்வெட்டைவிட இலகுவாக வாசித்தேன்.

உலக முடிவு என்பது 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிற மலைவிளிம்பு. வானம் துப்புரவாக இருந்தால் தென்கடல்வரை தெரியுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியிருந்தது. எல்லாரும் ‘ச்சீ’ என்றார்கள். நானும் என்றேன். பம்பலப்பிட்டி மாடிவீட்டு நாலாம் தட்டுப் பல்கனியிலிருந்து கீழே பார்க்கவே கால் கூசுகிற எனக்கு அந்தப் பனி செய்த உபகாரம் எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கொப்பியைக் கூட்டிக் கழித்தேன். கடைசிப் பக்கத்தில், மொத்தத் தொகைக்கு நான் விட்டிருந்த இடத்துக்குக் கீழே, மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி: ‘இவை யாவும் பலசாலிகள் சுமந்து வந்தது.’

அடுத்த மார்கழியில் போக இருப்பவர்களுக்கு: வழிக்குத் தேவையான இடியப்பத்தை வாழையிலையில் கட்டுங்கள், பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் போடுங்கள். நுவரெலியாவிலிருந்து நாலரைக்காவது புறப்படுங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உலக முடிவில் பெரும்பாலும் பனிதான். என்னைப்போல் உயரத்துக்குப் பயந்தவர்கள் ஆறுதலாக எழும்பிப் போகலாம்.