கேஸ்கெட் வைத்தியர்கள்

பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் காருக்குக் கிடைக்கும் மரியாதை, ஓடுகிற காருக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதியைக்கூடத் தாண்டாமல் ஆவி கக்கி நின்றது ஒரு பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் பிறந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வம்சம். 796 சிசி, மூன்று சிலிண்டர். உரிமையாளர் பள்ளி ஆசிரியர். தேதி 27. பட்ஜெட் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்" என்றார், வண்டியைத் தொடாமலேயே ஒருவர். "ரேடியேட்டரையே மாத்திடுங்க" என்றார் இன்னொருவர், யாரோ பணம் தருவதுபோல. மூன்றாமவர் செயல்வீரர். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வந்துவிட்டார்.

ஆசிரியர் பாய்ந்து தடுத்தார். அவர் நடத்துவது இயற்பியல். அந்த மூடி செய்வது பிரஷர் குக்கர் வெயிட்டின் வேலை. உள்ளே சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 வரை தாங்கும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும். துண்டு என்ன செய்யும்?

வண்டி ஆறுகிற நேரத்தில் ஊரிலிருக்கும் மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சார், பைபாஸ்ல சூடாகுதா, மெதுவாப் போனா சூடாகுதா?"

வைத்தியத்தில் பாதி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும்; அப்போதும் சூடானால் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். நெரிசலிலும் மலையேற்றத்திலும் மட்டும் சூடானால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. இவருடையது இரண்டாம் ரகம்.

"அப்ப ஃபேன் சுவிட்ச் கனெக்டரைப் பிடுங்கி, ரெண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால சேர்த்துப் பாருங்க." சேர்த்தார். ஃபேன் சுற்றியது! ஆக மோட்டார் நலம், செத்தது சுவிட்ச். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். கூட்டம் ஏமாற்றத்துடன் கலைந்தது.

ஆறிய வண்டியில் தண்ணீர் நிரப்பி, ஒயரை அப்படியே விட்டு, மெல்ல வீடு வந்து சேர்ந்தார். அங்கே மைத்துனர் காத்திருந்தார். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு மாமா? கழட்டிப் போடுங்க." தமிழ்நாட்டின் பாதித் தெர்மோஸ்டாட்டுகள் இந்த ஒரு வாக்கியத்தால்தான் காயலான் கடைக்குப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்யவேண்டிய சூட்டை எட்டவே தாமதமாகும். பெட்ரோலும் தேய்மானமும் கூடும்.

ஆசிரியர் கழற்றினார், தூக்கிப் போட அல்ல. பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் கட்டித் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். மேலே 82 என்று பொறித்திருந்தது; தண்ணீர் கொதிக்கும் முன்பே வால்வு வாயைத் திறந்தது. செலவு: ஒரு பால் பாத்திரம். அதை இனிச் சமையலறைக்குள் விடமுடியாது என்று தீர்ப்பாகிவிட்டது.

கேஸ்கெட் பயமும் இலவசமாகவே தீர்ந்தது. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தார். விடாமல் குமிழி வரவில்லை. ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறக் குழம்பும் இல்லை. இவை இரண்டும் இருந்திருந்தால் அலுமினிய ஹெட்டை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அதன் பில், மாதக் கடைசியில் பார்க்கக்கூடாத ஒன்று. மிச்சமான பணத்தில் போர்வெல் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றினார்.

மலைக்குக் கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே வண்டியைப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கால் லிட்டர் பெட்ரோலுக்கு மேல் ஆகாது.