வெள்ளவத்தையில் சோழர் ஆட்சி

இலங்கையைப் பிடிக்க 993இல் இராசராசனுக்குக் கப்பலும் படையும் தேவைப்பட்டன. 2022இல் மணிரத்னத்துக்கு ஏகா லக்கானி என்ற ஆடை வடிவமைப்பாளர் போதும். 'பொன்னியின் செல்வன்' குந்தவை, காலி வீதிப் புடவைக்கடைகளில் எதிர்ப்பில்லாமல் வந்திறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நம் கலியாணங்கள் எங்கேயோ போய்விட்டன. செட்டியார் தெருவில் பவுண் விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை வாடகை. பேரரசியானாலும் திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வங்கிக் கடன் பிரிவில் இருக்கும் மாப்பிள்ளை அன்றைக்கு மட்டும் அருள்மொழிவர்மர். கொழும்பு வெக்கையில் வெல்வெட் போர்த்தி மூன்று மணித்தியாலம் நிற்கும் வீரம் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

சரித்திரம் பிசகக்கூடாதென்று ஒரு மணப்பெண் தாயாரோடு தேசிய நூதனசாலைக்கே போனாள். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலப் பார்வதி. கழுத்து நிறைய ஆரம், இடைக்குக் கீழே ஆடை. மேலே சட்டை? மருந்துக்கும் இல்லை.

தாயார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதைச் செய்தவன் படம் பாக்கேல்லைப் போல. நீ வா பிள்ளை, தையல்காரர் கடையைப் பூட்டப்போறார். கையை முழங்கை மட்டும் வைக்கச் சொல்லுவம்."