மளுக்கென்று ஒரு வைத்தியம்

யோகாசனத்தில் முதுகை வளைக்கக் கற்றுக்கொள்ள உலகமே மைசூரின் கோகுலம் பகுதிக்கு வருகிறது. வளைந்த முதுகை நிமிர்த்த நாம், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டரைத் தேடுகிறோம். அவரிடம் முதல் நாள் என்ன நடக்கும்? முதலில் கேள்விகள்: எங்கே வலி, எத்தனை நாளாக, எலும்புத் தேய்மானம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பிறகு குனி, நிமிர், திரும்பு. கடைசியில் குப்புறப் படுக்கவைத்து ஓர் அழுத்து: ‘மளுக்!’ பயப்படாதீர்கள். எலும்பு முறியவில்லை, மூட்டுத் திரவத்தில் வாயு எழுப்பும் சத்தம்தான். சலூன்காரர் இதையே முடிவெட்டிய கையோடு கழுத்தில் இலவசமாகச் செய்வார், ஒரு கேள்வியும் கேட்காமல். 1895-இல் அமெரிக்காவில் டி. டி. பால்மர் கைரோபிராக்டிக் வைத்தியத்தைத் தொடங்கியபோது, முதல் நோயாளிக்குக் குணமானதாகச் சொன்னது முதுகு அல்ல, காது! ஆனால், கழுத்தை வெடுக்கென்று திருகினால், அரிதாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரலாம். ஆகவே, கேள்வி கேட்காத கைக்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.