லூயிஸ், கிளார்க்குக்கு முன்பே

கேள்வி: அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் மாதிரி நம்ம கொங்குநாட்டுக்கு யாராவது வந்தாங்களா? (வாசகர், பெருந்துறை)

பதில்: அவர்களுக்கு முன்னாடியே வந்தாச்சு! அவர்கள் கிளம்பியது 1804இல். 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்து கொங்கு கிழக்கிந்தியக் கம்பெனி வசமானதுமே, 1800இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய டாக்டர் பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து மேற்கே புறப்பட்டுவிட்டார். மண், கிணறு, பயிர், தறி, வரி, ஈரோட்டுக் காளிங்கராயன் வாய்க்கால் என எதையும் விடாமல் எழுதினார். அந்தப் பயணக் குறிப்பு 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சேறியது. ஏன் இத்தனை அக்கறை? விளைச்சல் தெரிந்தால்தானே வரி போட முடியும்! அமெரிக்க மேற்கிலும் சரி, இங்கும் சரி, அவர்கள் போன நிலம் எதுவும் ஆளில்லாத நிலமில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி பட்டை தீட்டியிருக்கிறார்கள். உங்கள் தாலுகாதான், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.