'வே' என்னும் விளியும் ஐம்பது வயது இடைவெளியும்: சங்கரன்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

இருபது வயதுப் பையனும் எழுபது வயதுப் பெரியவரும் எந்த நொடியில் நண்பர்கள் ஆகிறார்கள்? திருக்குறளே நட்புக்கு 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கிவிட்டு, பெரியவர்களை 45ஆம் அதிகாரத்தில் தனியாக உட்கார வைத்துவிட்டது. விடை சங்கரன்கோவில் டீக்கடை பெஞ்சில் கிடக்கிறது. அங்கே பெரியவர் பையனை 'ஏல' என்பார், 'நீ' என்பார். பையன் 'பாட்டையா' என்பான், 'நீங்க' என்பான். இது வெறும் பழக்கம். ஒருநாள் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ரப்பர் பேண்டு சுற்றிய பாலித்தீன் பையிலிருந்து போனை உருவி, "ஓடிபி வந்திருக்கான்னு பாரும்வே" என்று நீட்டுவார். வந்த எண்ணை அவரே உரக்க வாசிக்கத் தொடங்க, பையனும் வாய்தவறி, "சும்மா இரும்வே, ஊருக்கே கேக்கும்" என்பான். 'நீ' ஒரு படி ஏறி 'நீர்' ஆயிற்று. 'நீங்க' ஒரு படி இறங்கி அதே 'நீர்' ஆயிற்று. இருவரும் முட்டிக்கொள்ளும் அந்த நடுப்படியே நட்பு என்பது இக்கட்டுரையின் துணிபு.

இலக்கண ஆதாரம் கேட்டால் கொஞ்சம் சங்கடம்தான். நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்தொருமொழிகளில் 'வே' இல்லை. டீக்கடையில் எவரும் வாய்திறந்து சொல்லாத 'வௌ'வுக்குக்கூட அதில் இடம் உண்டு. பவணந்தியார் சீயகங்கன் என்ற மன்னன் கேட்டு நூல் செய்தவர். மன்னனை 'என்னவே' என்று கூப்பிடும் வாய்ப்பு அவருக்கு அமைந்திருக்காது. தலபுராண ஆதாரமோ அசைக்க முடியாதது. சங்கன், பதுமன் என்ற இரு நாகர்கள் சிவனா, திருமாலா, யார் பெரியவர் என்று மல்லுக்கு நிற்க, கோமதியம்மன் தவமிருக்க, வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக இறைவன் காட்சி தந்த ஊர் இது. ஆடித்தபசுக்கு ஆண்டுதோறும் ஊர் கொள்ளாத கூட்டம் வருவது அந்தக் காட்சிக்குத்தான். 'யார் பெரியவர்' என்ற வழக்கையே ஆளுக்குப் பாதி என்று தீர்த்துவைத்த ஊரில், போன் பெரியவருடையது, கட்டைவிரல் பையனுடையது என்றால் யார் ஆட்சேபிப்பது?

ஆட்சேபிப்பார்கள். ஔவை - அதியமான் இருக்க டீக்கடை எதற்கு என்பார்கள் தமிழாசிரியர்கள். நெல்லிக்கனி பெற்ற சங்ககால ஔவை கிழவி என்பதற்குச் சான்று கிடையாது. கூனும் கோலும் பின்னால் வந்த ஔவையார் கதைகளின் சீதனம். 1953இல் வெளிவந்த படத்தில் அந்தக் கோலத்தை நம் கண்ணில் நிலைநிறுத்திய கே.பி.சுந்தராம்பாளுக்கே அப்போது ஐம்பது ஆகவில்லை. இது நட்பல்ல, காரியம் என்பது அடுத்த ஆட்சேபம். காரியம் மட்டும் என்றால் இ-சேவை மையத்துக்காரர் அல்லவா முதலில் 'வே' ஆகியிருக்க வேண்டும்? அவர் எந்நாளும் 'தம்பி'தான். அவரிடம் ரசீது கேட்டு வாங்கப்படுகிறது. பையனிடம் ரகசிய எண்ணையே சொல்லிவிட்டு, மீசையைச் சிரைக்கச் சொல்லித் திட்டும் உரிமை மட்டும் பெறப்படுகிறது. பையனுக்கும் நட்டமில்லை. "பாட்டையாகூடப் பேசிக்கிட்டிருந்தேன்" என்ற ஒரே பதிலுக்குத்தான் எந்த வீட்டிலும் குறுக்கு விசாரணை கிடையாது. பெண்கள் விஷயத்தில் மட்டும் என் கொள்கை நொண்டுகிறது: 'ஏளா' மேலிருந்து கீழே போகும், 'ஆச்சி' கீழிருந்து மேலே போகும், நடுப்படி இல்லை. ஆனாலும் 2021 முதல் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு அவர்கள் அடிக்கும் அரட்டையைப் பார்த்தால், அவர்களுக்குப் படியே தேவைப்படவில்லை போலும்.

கடைசி ஆட்சேபம் கடுமையானது: உண்மையான நட்பென்றால் எல்லார் முன்னிலையிலும் நிற்க வேண்டாமா? நிற்காது. பையனின் தகப்பனார் பைக் தெருமுனையில் திரும்பியதும் பெரியவரிடமிருந்து வறட்டு இருமல் ஒன்று கிளம்பும். சிகரெட் பெஞ்சுக்கு அடியில் போகும். "ஏல, இன்னும் வீட்டுக்குப் போகலையா நீ?" என்று பெரியவர் அதட்டுவார். "இந்தா போறேன் பாட்டையா" என்று பையன் எழுந்திருப்பான்.